மஞ்சள் ரூமில் அண்ணி

சாய ஆலையில் ஆட்கள் கேட்டு வாங்குகிற வேலை ஒன்றே ஒன்றுதான் இருந்தது, மஞ்சள் ரூம் வேலை. மற்ற இடங்களுக்கு மேஸ்திரிதான் ஆளைத் தேடிப் பிடித்துப் போடவேண்டும். கொதிகலன் பக்கம் போகச் சொன்னால் ஒருத்தனுக்கு வயிற்றுவலி வரும், மூட்டை இறக்கச் சொன்னால் இன்னொருத்தனுக்கு முதுகு பிடித்துக்கொள்ளும். மஞ்சள் ரூமுக்கு மட்டும் போட்டா போட்டி. கல்யாணம் நிச்சயமான பெண்கள் மேஸ்திரி முன்னால் வந்து நெளிவார்கள். "அண்ணே, ஒரு மாசம் மட்டும் போடுங்கண்ணே. துணி எதுவும் பத்த மாட்டேங்குது." அவரும் சிரித்துக்கொண்டே போடுவார். மாதம் முடிவதற்குள் அந்தப் பெண் கன்னம் ஒட்டி, இடுப்பு ஒடுங்கி, எல்லோரும் திரும்பிப் பார்க்கிற மாதிரி ஆகிவிடுவாள். அந்த ரூமில் வேலை செய்தால் உடம்பு குறையும் என்பது ஆலை முழுக்கத் தெரியும். ஏன் குறைகிறது என்று ஒருத்தரும் கேட்டதில்லை.

ரூம் என்னவோ பார்க்கச் சகிக்காது. ஆலையின் பின்பக்கம், ஒரு ஆள் குனிந்து நுழைகிற கதவு, உயரத்தில் ஒரு சின்ன ஜன்னல். ஈரமான மூட்டைகளில் மஞ்சளாக ஒரு ரசாயனத் தூள் வரும். மூட்டையைப் பிரித்து, கட்டி தட்டியதை உடைத்து, சலித்து, தொட்டியில் கொட்ட வேண்டும். மூட்டையின் ஓரங்களில் ஈரம் காய்ந்த தூள் கொஞ்சம் கிளம்பும், அது தொண்டையில் கசக்கும். தொட்டியில் போனபிறகு என்னென்னவோ செய்து அதைக் கறுப்புச் சாயமாக்குவார்கள். இத்தனை மஞ்சளிலிருந்து எப்படிக் கறுப்பு வருகிறது என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. அங்கே வேலை செய்கிறவர்களின் உள்ளங்கையும் நகமும் மஞ்சளாகவே இருக்கும், எந்தச் சோப்புக்கும் போகாது.

பழைய ஆட்கள் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். குளிர்காலத்தில் யார் வேண்டுமானாலும் அந்த ரூமில் இருக்கலாம். வெயில் ஏறத் தொடங்கினால் வெளியே வந்துவிட வேண்டும். கோடை முழுக்க அதிகாலையில் மட்டும், ஆளை மாற்றி மாற்றிப் போட்டு வேலையை முடித்துவிடுவார்கள். பழைய மேஸ்திரி அதைக் கண்ணும் கருத்துமாகக் காப்பாற்றினார். புதிதாக வந்த மேஸ்திரி, "இது யார் போட்ட சட்டம், எங்க எழுதியிருக்கு?" என்று கேட்டார். எங்கேயும் எழுதியிருக்கவில்லை. அதோடு அந்த வழக்கம் போயிற்று.

என் அண்ணி அதே ஆலையில் பொட்டலம் கட்டும் பிரிவில் இருந்தாள். பெரிய உடம்புக்காரி. நான் தையல்காரி, அளவெடுத்துப் பிழைக்கிறவள், எனக்கு இதைப் பூசி மெழுகிச் சொல்ல வராது. என் இஞ்ச் டேப் அவள் இடுப்பைச் சுற்றி வருவதற்குள் மூச்சு முட்டும். ஆலையில் அவளுக்கு "மெத்தை" என்று பேர் வைத்திருந்தார்கள். அவளும் அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் என்ன என்று திரும்பிப் பார்ப்பாள். யாரோ ஒருத்தர் கல்யாணத்தில் அவள் உட்கார்ந்த பிளாஸ்டிக் நாற்காலி கால் பிளந்து கீழே விழுந்தபோது, சபையே வாயைப் பொத்திக்கொண்டு நின்றது. அண்ணி தரையில் உட்கார்ந்தபடியே, "பாவம், நோஞ்சான் நாற்காலி" என்றாள். மற்றவர்கள் சிரிப்பதற்கு முன்னால் தானே சிரித்துவிட வேண்டும் என்பது அவள் சின்ன வயதிலேயே கற்றுக்கொண்ட வித்தை. அது தெரியாமல் அவளை எல்லோரும் குஷியான மனுஷி என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

என் அண்ணன் பேக்கரியில் அடுப்பு வேலை. விற்காமல் மிஞ்சின ரொட்டியும் பன்னும் சாயங்காலம் வீட்டுக்கு வரும். அண்ணிக்குத் தட்டில் வைத்துக் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பான். அவளை இளைக்கச் சொல்லி அவன் ஒரு நாளும் கேட்டதில்லை. கல்யாணமான புதிதில் எப்படி இருந்தாளோ அப்படியே பிடித்திருந்தது அவனுக்கு. நாங்கள் இருந்தது ஒரே கட்டடம், அதில் மூன்றாவது மாடி அவர்கள் வீடு. தரைத்தளத்தில் தெருவைப் பார்த்த ஒற்றை அறை என் கடை, என் வீடு எல்லாம். அண்ணி மாடி ஏறும்போது ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று முட்டியைத் தேய்த்துக்கொள்ளும் சத்தம் எனக்குக் கேட்கும்.

அவர்களுக்கு ஒரே மகள். வீட்டில் பாப்பா என்றுதான் கூப்பிடுவோம், எட்டாம் வகுப்பு வந்த பிறகும் அதுதான் பேர். ஒரு மழை நாளில் அண்ணி குடையை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூட வாசலில் போய் நின்றிருக்கிறாள். மறுநாள் பாப்பா, "அம்மா, இனிமே வந்தா பின் கேட் பக்கம் நில்லு" என்று சொல்லியிருக்கிறாள்.

"ஏன்டா?" என்று இவள் கேட்டாளாம்.

"முன்னாடி கூட்டமா இருக்கும்."

என்னிடம் சட்டை அளவுக்கு வந்தபோது அண்ணி இதைச் சொன்னாள். நான் குண்டூசி குத்திக்கொண்டிருந்தேன். அவள் வயிறு குலுங்கியது. சிரிக்கிறாள் என்று நினைத்து, "அசையாம நில்லுங்க அண்ணி, குத்திடும்" என்று அதட்டினேன். அவள் அழுதுகொண்டிருந்தாள். எனக்குப் பாப்பாவின் மேல் பற்றிக்கொண்டு வந்தது. மாடிக்குப் போய் ரெண்டு வைக்கலாமா என்று எழுந்தேன். அண்ணி என் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டாள்.

"அது குழந்தை. அது மேல என்ன தப்பு? நான்தான் எதாவது பண்ணணும்" என்றாள்.

அந்தக் குளிர்காலத்தில் அவள் மஞ்சள் ரூம் கேட்டு வாங்கினாள்.

முதல் மாதம் எங்கள் எல்லோருக்கும் கொண்டாட்டம்தான். பொய் சொல்வானேன், எனக்கும் சந்தோஷமாக இருந்தது. வாயைக் கட்டாமல், வயிற்றைக் கட்டாமல் ஒருத்தி இளைப்பதை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. நாங்கள் ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு பல் கிடுகிடுக்க நிற்போம், அண்ணி மொட்டை மாடியில் மெல்லிசுச் சட்டையோடு துணி உலர்த்துவாள். "குளிரே இல்லையே, உங்களுக்கெல்லாம் என்ன?" என்பாள். ராத்திரியில் அண்ணன் போர்வையை உதைத்துத் தள்ளினானாம். பாப்பா அம்மாவின் முதுகோடு ஒட்டிக்கொண்டு தூங்க ஆரம்பித்தாள். வீட்டுக்கு ஹீட்டர் வாங்குகிற காசு மிச்சம் என்று அண்ணன் கடைக்கு வந்தவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

அவள் துணிகளை நான் சுருக்கிப் பிடித்துத் தைத்துக் கொடுத்தேன். பிடித்ததையே மறுபடி பிடிக்க வேண்டி வந்தது. பிறகு பிடிப்பதற்கு ஒன்றும் இல்லாமல் வெட்டியே தைத்தேன். முட்டிவலி போயிற்று. ஆலையில் "மெத்தை" என்ற பேரும் போயிற்று. ஒரு நாள் சாயங்காலம் கடைக்குள் வந்து நின்றாள், முகமெல்லாம் சிரிப்பு, அழகாக இருந்தாள். பாப்பா பள்ளிக்கூடத்து முன் கேட்டில் எல்லோர் எதிரிலும் அவள் கையைக் கோத்துக்கொண்டு நடந்து வந்ததாம். "என் அம்மான்னு சொல்லி அறிமுகப்படுத்துச்சு" என்றாள். அதற்கப்புறம் அவளை அந்த ரூமிலிருந்து வெளியே கொண்டுவர இந்த உலகத்தில் யாராலும் முடியாது என்று எனக்கு அன்றைக்கே தெரிந்திருக்க வேண்டும்.

குளிர் விலகத் தொடங்கியது. நான் தினமும் தொட்டு அளவெடுக்கிறவள் இல்லையா, சில விஷயங்கள் என் கைக்குத்தான் முதலில் தெரிந்தன. முதுகில் டேப்பை வைத்தால் துணிக்கு மேலேயே அவள் சூடு தெரிந்தது. காய்ச்சலா என்று கேட்டால் இல்லை என்பாள். அக்குளில் படிந்த வியர்வைக் கறை மஞ்சளாக இருந்தது. தலையணை உறையும் மஞ்சள். தட்டு நிறையச் சோறு, மேலே முட்டை, அதற்கு மேலே ரொட்டி என்று சாப்பிடுவாள். கை கழுவும்போதே மறுபடி பசிக்கிறது என்பாள். பெரிய உடம்போடு மாடி ஏறினபோது முட்டிக்காக நின்றவள், இப்போது மூச்சுக்காக நின்றாள். பாதி உடம்பு குறைந்த ஒருத்தி ஏன் இப்படிச் சோர்ந்து போகிறாள் என்று நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். "உனக்குக் கண்ணு பொறுக்கல" என்று அண்ணி என் வாயை அடைத்துவிட்டாள்.

ஆலையில் கொதிகலன் பார்க்கிற கிழவர் ஒருவர் இருந்தார். வெயில் உறைக்க ஆரம்பித்த முதல் வாரத்தில் அவர் மஞ்சள் ரூம் கதவுக்கு வந்து நின்றாராம். அண்ணியே இதைச் சிரித்துச் சிரித்து எங்களுக்கு நடித்துக் காட்டினாள்.

"வெளிய வந்துரும்மா. வெயில் வந்துடுச்சு."

"ஏன் தாத்தா?"

"ஏன்னு தெரியாது. எங்க காலத்துல வந்துருவோம்."

"வராம இருந்தா என்ன ஆகும்?"

"ஒருத்தன் வரல" என்றாராம் கிழவர். "அந்தக் கோடை முடியறப்ப அவன் இல்ல."

எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. அண்ணன் மறுநாள் வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு, அவளைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனான். நானும் கடையைச் சாத்திவிட்டுக் கூடப் போனேன்.

டாக்டரம்மா சின்ன வயசு, சிடுசிடு முகம். எனக்குப் பார்த்ததும் பிடித்துவிட்டது. முதலில் தைராய்டாக இருக்கும் என்று ரத்தம் எடுத்தார். ரிசல்ட் வந்தது, அதில் ஒரு கோளாறும் இல்லை. காய்ச்சல் மானியைப் பார்த்தார், நாடியைப் பார்த்தார், மறுபடி காகிதத்தைப் பார்த்தார். பிறகு அண்ணியின் உள்ளங்கையைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தார்.

"எங்க வேலை பாக்கறீங்க?"

அண்ணி சொன்னாள். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். அப்புறம் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு எங்கள் முன்னால் உட்கார்ந்து சொன்னார்.

நாம் சாப்பிடுகிற சோறோ ரொட்டியோ அப்படியே நமக்குச் சக்தி கொடுப்பதில்லையாம். வயிற்றில் கரைந்து சர்க்கரையாகி ரத்தத்தில் கலந்து, கண்ணுக்குத் தெரியாத ஒவ்வொரு செல்லுக்கும் போகிறது. செல்லுக்குள்ளே மைட்டோகாண்ட்ரியா என்று ஒன்று, ஆயிரக்கணக்கில் இருக்கிறது. நாம் இழுக்கிற மூச்சுக்காற்றை வைத்துக்கொண்டு அங்கேதான் சாப்பாடு கொஞ்சம் கொஞ்சமாக எரிகிறது. அந்த எரிப்பின் விசையை அங்கேயே பிடித்து ஏ.டி.பி என்று ஒரு பொருளாக்கி வைக்கிறது உடம்பு. கை தூக்க, கண் சிமிட்ட, நெஞ்சு துடிக்க, எதற்கும் அந்த ஏ.டி.பி.தான் வேண்டும். சோற்றை நேரடியாகச் செலவழிக்க உடம்புக்குத் தெரியாது.

"இந்த மஞ்சள் தூள் என்ன பண்ணுதுன்னா, எரியறதையும் பிடிச்சு வைக்கறதையும் பிரிச்சு விட்டுடுது" என்றார் டாக்டரம்மா. "சாப்பாடு எரியுது. நல்லாவே எரியுது. ஆனா பிடிச்சு வைக்க முடியல. எல்லாம் வெறும் சூடாப் போகுது. சக்தி பத்தலன்னு உடம்பு இன்னும் எரிக்குது. கொழுப்பை எரிக்குது. அதனாலதான் இளைக்கறீங்க."

எனக்குச் சட்டென்று புரிந்தது. தையல் மெஷினில் நூல் சுற்றுவதற்காகச் சக்கரத்தின் நடுவில் ஒரு திருகு உண்டு. அதைத் தளர்த்திவிட்டு மிதித்தால் சக்கரம் பிய்த்துக்கொண்டு சுற்றும், ஊசி மட்டும் அசையாது. கால் கடுக்க மிதித்தாலும் ஒரு தையல் விழாது. அண்ணிக்குள்ளே அந்தத் திருகு கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்துகொண்டிருந்தது. நான் அதை அண்ணனுக்கு எடுத்துச் சொன்னேன். அவன் முகம் செத்துவிட்டது.

"குளிர்ல சூடு வெளிய போயிடுச்சு, தப்பிச்சீங்க" என்றார் டாக்டரம்மா. "வெயில்ல அது எங்க போகும்? இன்னிக்கே அந்த வேலையை விடுங்க. வெயில்ல நிக்கக் கூடாது, ஓடக் கூடாது, கனமா எதுவும் தூக்கக் கூடாது. உடம்புல இருக்கறது இறங்கற வரைக்கும் தண்ணி குடிச்சிட்டு வீட்டுல இருங்க. இதுக்கு மாத்து மருந்து கிடையாது. தொழிலாளர் ஆபீசுக்கு நான் சொல்லிக்கறேன்."

அண்ணி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "விட்டுட்டா, திரும்பவும் குண்டாயிடுவேனா?"

"ஆவீங்க. உயிரோட ஆவீங்க."

அண்ணி தலையை ஆட்டினாள். வரும் வழியெல்லாம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். வீட்டில் கிடக்கச் சம்மதிக்கவில்லை. பழைய இடத்துக்கே, பொட்டலம் கட்டும் பிரிவுக்கே மாற்றிக்கொண்டேன் என்று மறுநாள் சொன்னாள். அங்கே மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்த வேலைதான், போகட்டும் என்று அண்ணனும் விட்டுவிட்டான். அன்று பேக்கரியிலிருந்து ஒரு முழு கேக்கே கொண்டுவந்தான்.

பள்ளிக்கூடத்தில் விளையாட்டு விழா நெருங்கிக்கொண்டிருந்தது. வருஷா வருஷம் அதில் அம்மாக்கள் ஓட்டம் என்று ஒன்று வைப்பார்கள். குளிர்காலத்திலேயே பாப்பா தன் அம்மாவின் பேரைக் கொடுத்திருந்தாள். முந்தின வருஷங்களில் விழா நடப்பதையே வீட்டில் சொல்லாமல் மறைத்த பெண் அது. அண்ணி விழாவுக்குப் போட்டுக்கொள்ளப் பாலாடை நிறத்தில் துணி எடுத்து வந்து கொடுத்தாள். நானும் என் கையிலுள்ள வேலையெல்லாம் தள்ளிவைத்துவிட்டுத் தைத்தேன். அவளுக்குத் தைத்ததிலேயே அதுதான் நன்றாக அமைந்த உடுப்பு.

விழா அன்று காலையில் கடைசியாகப் போட்டுப் பார்க்கக் கீழே வந்தாள். வெயில் அதற்குள்ளேயே தெருவில் கொதித்தது. கையைத் தூக்கச் சொன்னேன். அக்குளில் ஈரம். புத்தம் புதுத் துணியில் அந்த ஈரம் மஞ்சளாக ஊறிக்கொண்டு வந்தது.

என் கையிலிருந்த குண்டூசி டப்பா கீழே விழுந்தது.

"இன்னும் அந்த ரூமுக்குத்தான் போறீங்களா?"

"இந்த வாரம் மட்டும்னு மேஸ்திரி சொன்னாரு."

"மேஸ்திரி சொன்னாரா, நீங்க கேட்டீங்களா?"

அண்ணி கண்ணாடியைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, "விட்டா ஒரே வாரத்துல ஏறிடும்னு பயந்துட்டேன்" என்றாள். "இன்னிக்கு முடிஞ்சா போதும். நாளையில இருந்து சத்தியமா போக மாட்டேன்."

நான் போட்ட கூச்சலில் மூன்றாவது மாடியிலிருந்து அண்ணன் செருப்புகூடப் போடாமல் ஓடி வந்தான். பின்னாலேயே வெள்ளை ஷூ போட்டுக்கொண்டு பாப்பா. நான் யாருக்காகவும் வார்த்தையை மென்று முழுங்கவில்லை. "உங்கம்மா இன்னிக்கு ஓடக்கூடாது, ஓடினா செத்துப்போயிடுவா" என்று குழந்தையின் முகத்துக்கு நேராகவே சொன்னேன். பாப்பா வெளுத்துவிட்டாள். அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டு மெஷின் ஸ்டூலில் உட்கார்ந்தான். "இன்னிக்கு நீ எங்கயும் போக வேணாம். ஆஸ்பத்திரிக்குப் போகலாம்" என்றான்.

"சாயங்காலம் போகலாங்க. எனக்கு ஒண்ணும் இல்ல. பாருங்க, நல்லாத்தானே நிக்கறேன்?"

பாப்பா அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். "நீ ஓட வேணாம்மா. சும்மா வந்து உட்காந்தாலே போதும். நான் மிஸ்கிட்ட சொல்லிடறேன்."

அந்தப் பேச்சில் நாங்களும் இறங்கி வந்துவிட்டோம். நிழலில் உட்கார வேண்டியது, ஈரத்துண்டும் தண்ணீரும் கையோடு கொண்டுபோக வேண்டியது, பாப்பாவின் ஓட்டம் முடிந்ததும் நேரே ஆஸ்பத்திரி என்று முடிவானது. அண்ணன் பேக்கரிக்குப் போய்ச் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்து நிற்பதாகச் சொன்னான்.

மைதானத்தில் ஓரமாக ஒரு துணிப்பந்தல். அதன் கீழே அம்மாக்களும் அப்பாக்களும் நெருக்கியடித்துக்கொண்டு விசிறிக்கொண்டிருந்தார்கள். நான் அண்ணியைத் தூணோடு உட்கார வைத்து, கழுத்தில் ஈரத்துண்டைப் போட்டேன். துண்டு சீக்கிரமே வெதுவெதுப்பாகிவிட்டது. நனைத்து நனைத்துப் போட்டேன். பாப்பாவின் ஓட்டத்தில் பாப்பா இரண்டாவதாக வந்தாள். அண்ணி கை தட்டினாள். அவள் கழுத்து நரம்பு துடிப்பது எனக்குத் தெரிந்தது.

"போதும் அண்ணி, கிளம்பலாம்" என்றேன்.

"பாப்பா வரட்டும்."

மைக்கில் அம்மாக்களைக் கூப்பிட்டார்கள். பாப்பா டீச்சரின் மேசையைச் சுற்றி நின்ற கூட்டத்தில் புகுந்து, தன் அம்மாவின் பேரை அடிக்கச் சொல்லிக் கையை நீட்டிக்கொண்டிருந்தாள். இங்கே அம்மாக்கள் செருப்பைக் கழற்றிவிட்டு, வெட்கத்தோடு சிரித்துக்கொண்டு கோட்டுக்குப் போனார்கள். அண்ணி அவர்களையே பார்த்தாள். குண்டும் ஒல்லியுமாகப் பத்துப் பன்னிரண்டு பேர். பிறகு எழுந்தாள்.

நான் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். வியர்வையில் வழுக்கியது.

"அண்ணி, வேணாம்."

"நான் ஓடினதே இல்லடி" என்றாள். "சின்னப் புள்ளையில கூட என்னை யாரும் ஓட விட்டதில்ல. சும்மா மெதுவா போயிட்டு வந்துடறேன்."

அவள் முகத்தில் அப்போது சிரிப்பு இல்லை. வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ஒன்றை எனக்கு வேண்டும் என்று கேட்கிற முகம் அது. என் கையிலிருந்து நழுவிப் போய்விட்டாள். விசில் ஊதினார்கள்.

மெதுவாகப் போகவில்லை. பாவாடையைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தலை நிமிர்ந்து ஓடினாள். நன்றாக ஓடினாள். பாதியில் இரண்டு பேரை முந்தினாள். பாப்பா மேசைப் பக்கமிருந்து திரும்பி, "அம்மா" என்று கத்தினாள். கூட்டம் அதை உற்சாகம் என்று நினைத்துக்கொண்டு கூடவே கத்தியது. அண்ணி முதலாகவும் இல்லாமல் கடைசியாகவும் இல்லாமல் முடிவுக் கோட்டைத் தாண்டினாள். தாண்டினபிறகும் நிற்காமல் கொஞ்ச தூரம் போய், மண்ணில் அப்படியே உட்கார்ந்தாள்.

நான் போய்ச் சேர்வதற்குள் பாப்பா அவள் கையைப் பிடித்துக்கொண்டு மண்டி போட்டிருந்தாள். அண்ணி மகளைப் பார்த்து ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள், மூச்சுதான் வந்தது. வேக வேகமான மூச்சு, எவ்வளவு இழுத்தும் பத்தாத மூச்சு. இருந்த தண்ணீரையெல்லாம் தலையில் கொட்டினேன். அவள் உடம்பின் சூடு என் முகத்தில் அடித்தது. ஒரு டீச்சரின் காரில் ஏற்றினோம். போகும் வழியிலேயே கால்கள் விறைத்தன, தாடை இறுகியது. பாப்பாவின் கையைப் பிடித்திருந்த விரல்களும் இறுகின. "அம்மா, வலிக்குதும்மா" என்றாள் பாப்பா. ஆனாலும் கையை எடுக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் ஐஸ் கட்டிகளைக் கொண்டுவந்து அவள் மேல் அடுக்கினார்கள். அவை கரைந்து கட்டிலிலிருந்து தரையில் ஒழுகின. அந்தச் சிடுசிடு டாக்டரம்மா அவள் நெஞ்சை அழுத்திக்கொண்டே இருந்தார். பிறகு நிறுத்தினார். சுவரில் சாய்ந்து நின்ற என் அண்ணன் அப்படியே கீழே உட்கார்ந்தான்.

டாக்டரம்மா என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். அவர் முகமெல்லாம் வியர்த்திருந்தது.

"குழந்தையோட கையைப் பிரிக்கணும். இழுத்துடாதீங்க, அவளுக்கு அடிபடும்" என்றார்.

"செத்து அஞ்சு நிமிஷம்கூட ஆகலையே, எப்படி இவ்வளவு விறைப்பு?" என்று கேட்டேன்.

"தசை இறுகினா, அதைத் தளர்த்தறதுக்கும் அந்த ஏ.டி.பி. வேணும். பிடிக்க மட்டும் இல்ல, விடறதுக்கும் வேணும். மத்தவங்களுக்குச் செத்தப்புறம்தான் அது மெல்ல மெல்லத் தீரும். இவங்களுக்கு முன்னாடியே தீர்ந்துபோச்சு. விடறதுக்குன்னு உள்ள எதுவுமே மிச்சம் இல்ல."

நான் உள்ளே போனேன். பாப்பா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்தில் கொஞ்சம்கூடப் பயம் இல்லை.

"அத்தை, டாக்டர் தப்பா சொல்றாங்க" என்றாள். "அம்மா சூடாத்தான் இருக்காங்க. தொட்டுப் பாருங்க. என் கையைக்கூட கெட்டியா பிடிச்சிருக்காங்க, பாருங்க."

தொட்டுப் பார்த்தேன். சூடாகத்தான் இருந்தாள். எனக்கு வாய் நீளம் என்று எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். எதையும் முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுகிறவள் நான். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அண்ணியின் சுண்டுவிரலிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக விலக்க ஆரம்பித்தேன். ஒவ்வொரு விரலும் அவ்வளவு பலமாக இருந்தது.

பாப்பா என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்சம் கொஞ்சமாக அவள் உதடு நடுங்க ஆரம்பித்தது.

"ஏன் அத்தை விட மாட்டேங்கறாங்க?"

"உன்னை விடறதுக்கு அவளுக்கு மனசு வரல" என்றேன்.

கட்டை விரல்தான் கடைசியாக வந்தது.